புதரை எரிக்காதீங்க... மானாவாரிக்கு அதுவும் ஓர் அடியுரம்!

திருத்தணி மேட்டுக் கொல்லைகளுக்கு செனகல் நாட்டுக் கடலைக்காடு சொல்லும் பாடம்

சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்துவிட்டால் போதும், திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கத்து மேட்டுக் கொல்லைகளில் டிராக்டர் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். உழவுக்கு முன்னால் நடக்கும் முதல் வேலை, நிலத்தைச் ‘சுத்தம்’ செய்வது. போன அறுவடைக்குப் பிறகு சும்மா கிடந்த கொல்லையில் தானாக முளைத்த ஆவாரை, கொழிஞ்சி, வரப்போரத்து நொச்சி எல்லாவற்றையும் வெட்டி, மூலையில் குவித்து, காய்ந்ததும் நெருப்பு வைத்துவிடுவார்கள். இரண்டு நாளில் கொல்லை வெளிச்சமாகிவிடும்.

அதே கொல்லையில் ஆனி, ஆடியில் வேர்க்கடலை விதைப்பு. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குக் காவடி ஏறும் நாள்களில், முந்தி விதைத்த கடலை பூவெடுத்திருக்கும். ஆவணியில் விழுது இறங்கும். அந்த நேரத்தில்தான் சோதனை. 15 நாள் மழை தள்ளிப்போனால் செம்மண் மேல்பரப்பு ஓடுபோல இறுகிவிடும். விழுது மண்ணுக்குள் இறங்க முடியாமல் வெளியிலேயே காய்ந்துபோகும். செடியெல்லாம் பச்சையாக இருந்தும் பிடுங்கிப் பார்த்தால் நாலு காய் இருக்காது. விதைப்பருப்பு, உழவு, களைக்கூலி என்று போட்ட பணம் அந்த 15 நாளில்தான் போகிறது.

சித்திரையில் எரித்த புதருக்கும், ஆவணியில் வாடும் கடலைக்கும் தொடர்பு இருக்கிறது. அதை ஆப்பிரிக்காவில் உள்ள ஒரு கடலை நாடு 20 ஆண்டுகளாகச் சோதனை செய்து காட்டியிருக்கிறது.

இரண்டு மொழியில் பெயர் உள்ள செடிகள்

திருத்தணி எல்லையோர ஊர். மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி, 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதிதான் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இன்றும் நகரி, புத்தூர் பக்கம் பெண் கொடுத்து, பெண் எடுப்பது சாதாரணம். அதனால் இங்கே செடிகளுக்கும் இரண்டு பெயர். ஆவாரைக்குத் தெலுங்கில் தங்கேடு, கொழிஞ்சிக்கு வெம்பலி, நொச்சிக்கு வாவிலி, புங்கனுக்குக் கானுகா. தங்கேடு பூ தெலங்கானாவின் மாநில மலர். பதுக்கம்மா பண்டிகைக்குக் கூடை கூடையாகப் பறிப்பது அதைத்தான்.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முன்பு இந்தச் செடிகளுக்கு மதிப்பு இருந்தது. நெல் நடவுக்கு முன்னால் சேற்று வயலில் மிதித்துவிடும் தழை, ஆவாரையும் கொழிஞ்சியும் புங்கனும் நொச்சியும்தான். உவர் தட்டிய நிலத்துக்கு ஆவாரந்தழையைத் தேடிப் போட்டார்கள். ஆவாரம்பட்டை, தோல் பதனிடும் தொழிலுக்கு முக்கியமான சரக்காக இருந்தது.

பிறகு யூரியா மூட்டை வந்தது. தோல் தொழிலுக்கு வேறு சரக்குகள் வந்தன. ஏர் ஓடிய நிலத்தில் டிராக்டர் ஓடியது. செடியைச் சுற்றி மாட்டைத் திருப்பலாம். டிராக்டரைத் திருப்ப முடியாது. அப்படித்தான் தழை கொடுத்த செடி, ‘புதர்’ ஆனது.

கடலை நாட்டிலும் இதே கதை

மேற்கு ஆப்பிரிக்காவில் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கிறது செனகல். அந்த நாட்டின் நடுப்பகுதிக்கே ‘கடலைப் படுகை’ என்றுதான் பெயர். மணல் பாங்கான நிலம். ஒரு வருடம் வேர்க்கடலை, மறு வருடம் கம்பு. வருடத்தில் மூன்று, நான்கு மாதம்தான் மழை. படுகையின் வடக்கே ஆண்டு மழை சுமார் 300 மில்லிமீட்டர், தெற்கே சுமார் 700 மில்லிமீட்டர். திருவள்ளூர் மாவட்டத்தில் பெய்வதைவிட இது மிகவும் குறைவு.

அந்த நிலத்தில் தானாக வளரும் இரண்டு குத்துச்செடிகள் உண்டு. ஒன்று குயீரா. இன்னொன்று பிலியோஸ்டிக்மா. பிலியோஸ்டிக்மாவின் இலை, நம் ஊர் மந்தாரை இலைபோல நடுவில் பிளந்து, மாட்டுக் குளம்பு வடிவத்தில் இருக்கும். மந்தாரைக்கு அது உறவுக்காரச் செடி. மழைக்கு முன்னால் செனகல் விவசாயிகள் செய்வதும் நம் ஊர் வேலைதான். செடியைத் தரையோடு வெட்டி, குவித்து, எரித்துவிட்டு விதைப்பார்கள்.

2000-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக மண் நுண்ணுயிரியல் அறிஞர் ரிச்சர்ட் டிக்கும், செனகல் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து இரண்டு இடங்களில் நீண்டகாலச் சோதனை வயல் அமைத்தார்கள். வடக்கே மழை குறைந்த கெயூர் மத்தார் அராமில் குயீரா. தெற்கே நியோரோ டு ரிப்பில் பிலியோஸ்டிக்மா. அவர்கள் செய்த மாற்றம் இரண்டுதான். முதலாவது, வெட்டிய தழையை எரிக்காமல் நிலத்திலேயே போட்டார்கள். இரண்டாவது, செடிகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். அங்கே விவசாயிகள் நிலத்தில் பொதுவாக ஏக்கருக்குச் சுமார் 100 செடிதான் இருக்கும். சோதனை வயலில் ஹெக்டேருக்கு 1,200 முதல் 1,500 செடி. ஏக்கர் கணக்கில் 500 முதல் 600. அதாவது, 9 அடிக்கு 9 அடி ஒரு செடி.

செடி உள்ள நிலத்தில் கம்பு விளைச்சல் கூடியது. மண்ணில் மட்குச் சத்தும் நுண்ணுயிரும் கூடின. மழை குறைந்த இடத்தில், மழை குறைந்த வருடத்தில்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. 2018-ல் வெளியான ஆய்வையொட்டி, கம்பு விளைச்சல் 900 சதவிகிதத்துக்கும் மேல் கூடியதாகவும் பேசப்பட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. செடி இல்லாத நிலத்தில் ஏக்கருக்கு 30 கிலோ விளைந்து, செடி உள்ள நிலத்தில் 300 கிலோ விளைந்தால், அதுவே 900 சதவிகித உயர்வு. அடித்தளம் சிறியதாக இருந்தால் சதவிகிதம் பெரியதாகத் தெரியும். திருத்தணியில் அந்த அளவுக்கு வறட்சி இல்லை. அந்த அளவுக்கு உயர்வையும் எதிர்பார்க்கக் கூடாது. கவனிக்க வேண்டியது சதவிகிதத்தை அல்ல. மற்ற நிலம் வெறுங்கையாக நின்ற பருவத்தில் செடி இருந்த நிலம் எதையோ கொடுத்தது என்பதைத்தான்.

ராத்திரியில் நடக்கும் இறைவை

எப்படி இது நடக்கிறது?

குத்துச்செடியின் ஆணிவேர் ஆழமாகப் போகும். அதே செடிக்கு மேல்மண்ணில் படரும் பக்க வேர்களும் உண்டு. பகலில் இலை நீராவியை வெளியேற்றுவதால், அடியில் எடுக்கும் தண்ணீர் முழுக்க இலைக்கு ஏறிவிடும். ராத்திரியில் இலைத் துளைகள் மூடிக்கொள்ளும். அப்போது அடிமண்ணில் ஈரம் இருந்து, மேல்மண் காய்ந்திருந்தால், ஆணிவேர் எடுத்த தண்ணீர் பக்க வேர்கள் வழியாகக் காய்ந்த மேல்மண்ணுக்குக் கசியும். ஈரம் உள்ள இடத்திலிருந்து ஈரம் இல்லாத இடத்துக்குத் தண்ணீர் இழுபடுகிறது, அவ்வளவுதான். அமெரிக்காவின் வறண்ட புதர்க்காட்டில் ரிச்சர்ட்ஸ், கால்டுவெல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1987-ல் இதை எழுதினார்கள்.

பக்கத்துப் பயிருக்கு அந்தத் தண்ணீர் போய்ச் சேருகிறதா என்பது அடுத்த கேள்வி. செனகலில் அதையும் சோதித்தார்கள். டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் கலந்த தண்ணீரை, ஆழத்தில் உள்ள செடியின் வேருக்குக் கொடுத்தார்கள். மாட்டுக்குக் காதில் அடையாள வில்லை போடுவதுபோலத் தண்ணீருக்கு ஓர் அடையாளம். அந்த அடையாளத் தண்ணீர் பக்கத்தில் நின்ற கம்புப் பயிரில் இருந்தது.

தண்ணீர் தவிர வேறு லாபங்களும் உண்டு. செடியைச் சுற்றிய மண்ணில் தழை விழுந்து மட்குகிறது. நிழலால் மண் சூடு தணிகிறது. வருடம் முழுக்க உயிருள்ள வேர் இருப்பதால், கோடையிலும் நுண்ணுயிர்கள் சாகாமல் இருக்கின்றன. காற்றில் பறக்கும் மேல்மண் செடியடியில் தங்குகிறது. ஏரிக்கரையிலோ தரிசிலோ பெரிய ஆவாரைச் செடியின் அடியில் கையை விட்டு மண்ணை அள்ளிப் பார்த்தாலே இது புரியும். நாலு அடி தள்ளி உள்ள மண்ணைவிட அது கறுத்து, பொலபொலவென்று இருக்கும்.

இன்னொரு விஷயம். குயீராவும் பிலியோஸ்டிக்மாவும் வேர் முடிச்சு வைத்துக் காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் செடிகள் அல்ல. நம் ஆவாரையும் அப்படித்தான். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும் அதன் வேரில் முடிச்சு இருக்காது. கொழிஞ்சி வேரில் முடிச்சு உண்டு. ஆகவே ‘தழைச்சத்து கிடைக்கும்’ என்ற ஒரே காரணத்துக்காக ஆவாரையை வளர்க்க முடியாது. ஆழத்தில் உள்ள சத்தை மேலே எடுத்து, இலையாக நிலத்தில் போடுவதுதான் அதன் வேலை. எரித்துவிட்டால் அந்த இலையில் உள்ள தழைச்சத்தும் மட்கும் புகையாகப் போய்விடும். மிஞ்சுவது ஒரு கூடைச் சாம்பல்.

துவரையும் ஒரு குத்துச்செடிதான்

செனகல் தூரம். இதே வேலையைக் கொல்லிமலையிலும் பெங்களூரிலும் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவும் சுவிட்சர்லாந்தும் கூட்டாக நடத்திய ஆய்வில், கேழ்வரகுடன் துவரையைச் சேர்த்துப் பயிரிட்டுப் பார்த்தார்கள். துவரையின் வேர் ஆழமாகப் போகும். கேழ்வரகின் வேர் மேலேயே நிற்கும். தொட்டிகளில் வைத்து நடத்திய சோதனையில், மேல்மண்ணைக் காயவிட்டு, அடிமண்ணில் மட்டும் ஈரம் வைத்தார்கள். துவரை எடுத்த தண்ணீர் கேழ்வரகுக்குப் போனது. அதற்குப் பாலமாக இருந்தது, இரண்டு பயிரின் வேரையும் இணைத்த வேம் என்ற வேர்ப்பூஞ்சணம். 2019-ல் இந்த முடிவு வெளியானது.

தண்ணீர் பாய்ச்சிய பயிர்போல அந்தக் கேழ்வரகு செழித்துவிடவில்லை. வாடிச் சாகாமல் தாக்குப்பிடித்தது. ஆவணியில் தேவைப்படுவதும் அதுதான். அடுத்த மழை வரும்வரை உயிரைப் பிடித்துவைக்க ஒரு வாய்த் தண்ணீர்.

துவரையை ஒரு குத்துச்செடியாகப் பார்த்தால், பெரியவர்கள் வேர்க்கடலைக்குள் துவரைச் சால் விட்டதன் அர்த்தம் விளங்கும். ராயலசீமாவில் கடலைக்குள் துவரை இன்றும் உண்டு. கர்நாடகத்தில் இதற்கு ‘அக்கடி சாலு’ என்று பெயர். 6 முதல் 8 சால் கடலைக்கு 1 சால் துவரை போட்டால், கடலை பிடுங்கிய பிறகும் துவரை தனியாக நின்று, கார்த்திகை மழையில் பூத்து, தையில் காய் கொடுக்கும். கடலை ஏமாற்றிய வருடத்தில் வீட்டுக்குப் பருப்பாவது மிஞ்சும்.

எந்தச் செடியும் ஆகிவிடாது

செடி வைத்தாலே விளைச்சல் கூடிவிடும் என்று நினைத்து ஏமாந்த கதையும் உண்டு. 1980-களில் ‘வரிசைச் செடிகளுக்கு நடுவே பயிர்’ என்ற முறை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஐதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம், சவுண்டல் மரத்தை வரிசையாக நட்டு, நடுவில் சோளம் போன்ற பயிர்களைப் போட்டு ஆராய்ந்தது. சவுண்டல் வேகமாக வளர்ந்தது; தழையும் தீவனமும் கொடுத்தது. ஆனால், மழை குறைந்த நிலத்தில் மேல்மண் ஈரத்துக்குப் பயிரோடு போட்டி போட்டது. வரிசைக்குப் பக்கத்தில் இருந்த பயிர் குன்றிப்போனது. தழை கொடுத்த லாபத்தைவிட ஈரம் குடித்த நஷ்டம் அதிகமாக இருந்தது.

இதிலிருந்து தெரிவது இரண்டு. வேகமாக, உயரமாக வளரும் மரம் மானாவாரிப் பயிருக்கு நடுவில் ஆகாது, வரப்புக்குத்தான் சரி. நடுவில் நிற்கும் செடி குள்ளமாக இருக்க வேண்டும். இலை குறைவாக இருந்தால்தான் குடிக்கும் தண்ணீரும் குறையும். ஆகவே, பயிர் நிலத்தில் இருக்கும் காலம் முழுக்க அதை வெட்டிக் கட்டுக்குள் வைக்க வேண்டும். செனகலிலும் விதைப்புக்கு முன்னால் செடியை வெட்டித்தான் விடுகிறார்கள்.

திருத்தணிக்கு ஏற்ற செடிகள்

ஆவாரை: செம்மண், கல் நிலம், சரளை எதிலும் வரும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். நிலத்துக்குள் வரிசையில் விட ஏற்ற குத்துச்செடி. செனகல் செடியின் பலன் ஆவாரைக்கும் அப்படியே வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேறு செடி, வேறு மண். அதனால் சிறிய அளவில் சோதித்துப் பார்த்துதான் கூட்ட வேண்டும்.

கொழிஞ்சி: இரண்டு, மூன்று அடிக்குள் நிற்கும். வேர் முடிச்சு உண்டு. மாடு விரும்பி மேயாது என்பது பெரிய வசதி. அறுவடைக்குப் பிறகு மிச்ச ஈரத்தில் வளர்ந்து, கோடையில் நிலத்தை மூடி நிற்கும். ஒருமுறை விதைத்தால், காய் வெடித்து விழுந்த விதையிலிருந்தே அடுத்தடுத்த வருடமும் முளைக்கும்.

நொச்சி, ஆடாதொடை: ஆடு, மாடு தொடாது. வரப்பு, வேலியோரம் ஏற்றவை.

புங்கன்: மரம். நிலத்துக்கு நடுவில் வேண்டாம். கிணற்றடி, வாய்க்கால் ஓரம், எல்லை வரப்பில் ஒன்றிரண்டு இருந்தால், கிளை கழித்துத் தழை எடுக்கலாம்.

கிளைரிசிடியா: நம் நாட்டுச் செடி அல்ல, மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனாலும் வரப்புத் தழைக்கு நல்லது. ஐதராபாத்தில் உள்ள மத்திய மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் வரப்புகளில் இதை நடச் சொல்கிறது.

விடக்கூடாதவை: சீமைக் கருவேல், உண்ணிச்செடி, பார்த்தீனியம். ‘எரிக்காதே’ என்ற பேச்சு இவற்றுக்குப் பொருந்தாது. இவற்றை வேரோடு எடுத்துவிட வேண்டும்.

சித்திரை முதல் தை வரை

சித்திரை: கோடை உழவுக்கு முன், நிலத்தில் ஏற்கெனவே உள்ள ஆவாரையை எண்ணிப் பார்க்கவும். ஒரு வரிசையாக அமைந்த செடிகளுக்குப் பக்கத்தில் குச்சி ஊன்றி அடையாளம் வைக்கவும். வரிசை சரிவுக்குக் குறுக்கே இருப்பது முக்கியம். அப்போதுதான் மழைத் தண்ணீர் ஓட்டத்தையும் மண் அரிப்பையும் தடுக்கும். வரிசைக்கு வெளியே உள்ளதை மட்டும் எடுத்துவிடலாம். டிராக்டர் கலப்பை எத்தனை அடி அகலமோ, அதன் மடங்காக வரிசை இடைவெளி இருந்தால் ஓட்டுவதில் சிக்கல் வராது. 12 அடிக்கு ஒரு வரிசை, வரிசைக்குள் 7 அடிக்கு ஒரு செடி என்றால், செனகல் கணக்கில் ஏக்கருக்கு 500 செடி வந்துவிடும். ஆரம்பத்தில் 20 அடிக்கு ஒரு வரிசை போதும்.

வைகாசி: விதைப்புக்கு இரண்டு, மூன்று வாரம் முன்னால், ஆவாரையை அரை அடி உயரம் விட்டு வெட்டவும். பென்சிலைவிடத் தடித்த குச்சிகளை விறகுக்கு எடுத்துவிட்டு, இலையையும் இளங்குச்சியையும் நிலத்தில் பரப்பவும். கொழிஞ்சி நின்றால், பூக்கும் சமயத்தில் அப்படியே மடக்கி உழலாம். ஈரம் இருக்கும்போது உழுதால்தான் தழை மட்கும். காய்ந்த மண்ணில் புதைத்தால் அப்படியே கிடந்து கறையான் பிடிக்கும்.

ஆனி, ஆடி: செடி வரிசையை விட்டு ஒன்றரை அடி தள்ளி விதைக்கவும். நடுநடுவே துவரைச் சால் விடவும். வேம் கிடைத்தால், விதைப்பில் மட்கிய தொழுவுரத்துடன் கலந்து போடலாம். வேரும் வேரும் இணைவதற்கு அது உதவும்.

ஆவணி: ஆவாரை மறுபடி துளிர்த்து, பயிருக்கு மேல் தலையெடுக்கும். அதை வெட்டிக் கடலைச் சால்களுக்கு இடையில் மூடாக்காகப் போடலாம். ஆனால், 45-ம் நாள் மண் அணைத்து, ஜிப்சம் போடும் வேலை முடிந்த பிறகுதான் மூடாக்கு. விழுது இறங்கும் மண்ணின் மேல் தடித்த தழை கிடந்தால், அதுவே தடையாகிவிடும்.

ஐப்பசி முதல் தை வரை: கடலை பிடுங்கியதும் செடியை வளரவிடவும். கொழிஞ்சி விதைப்பதானால் வடகிழக்குப் பருவமழை முடியும் தறுவாயில் தூவலாம். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை. கொழிஞ்சி விதையின் தோல் கெட்டி; அப்படியே தூவினால் முளைக்காது. ஆற்று மணலோடு சேர்த்துத் தேய்க்கவும். அல்லது கை பொறுக்காத சூட்டில் உள்ள வெந்நீரில் இரண்டு, மூன்று நிமிடம் வைத்து எடுத்து, நிழலில் உலர்த்தி விதைக்கவும்.

10 சென்ட் போதும்

இதை முழுக் கொல்லையிலும் ஒரே வருடத்தில் செய்ய வேண்டியதில்லை. ஒரே மண்வாகு உள்ள இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் 10 சென்ட் இரண்டு துண்டு பிரித்துக்கொள்ளலாம். ஒன்றில் சுமார் 50 செடி விட்டு, தழையை நிலத்தில் போடவும். இன்னொன்றில் வழக்கப்படி செய்யவும். விதை, உரம், களை எல்லாம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அறுவடையில் இரண்டையும் தனித்தனியாகக் காயவைத்து, தராசில் நிறுத்து எழுதிவைக்கவும். கண் மதிப்பு வேண்டாம். செடி உள்ள துண்டு பச்சையாகத் தெரிவதால் கண் ஏமாற்றும். செடி பிடித்த இடத்தில் பயிர் இல்லை அல்லவா? அந்த இடத்தையும் சேர்த்துத்தான் 10 சென்ட். அந்த நஷ்டத்தையும் தாண்டி எடை கூடினால்தான் லாபம்.

முதல் வருடம் பெரிய வித்தியாசம் தெரியாது. செடி வேர் பிடித்து, தழை மட்கி, மண் மாற மூன்று வருடமாவது வேண்டும். தொடக்கத்திலும் மூன்றாவது வருடத்திலும் மண் பரிசோதனை செய்து, அங்ககக் கரிமம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம். திருவள்ளூர் மாவட்டத்துக்குத் திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. சோதனைத் துண்டு போடுவதற்கு முன் அங்கே போய்ப் பேசுவது நல்லது.

கேள்வி வரும்... பதிலும் உண்டு!

“செடி வைத்தால் காட்டுப்பன்றி, எலி வந்து தங்காதா?”
ஆள் உயரப் புதராக விட்டால் தங்கும். மலையடிவாரக் கொல்லைகளில் இது நிஜமான தொல்லை. அரை அடி, ஓர் அடியில் வெட்டிவிட்ட செடி, பன்றிக்கு மறைவு தராது. காடு ஒட்டிய பக்கத்து வரப்பில் அடர்த்தியாகச் செடி விட வேண்டாம்.

“கம்பளிப்புழு கூடிவிடுமே?”
சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கிறது. கோடை உழவில் அது மேலே வந்து, வெயிலிலும் பறவைக்கும் அழியும். அதனால் செடி வரிசைகளுக்கு நடுவில் கோடை உழவை விட்டுவிடக் கூடாது. வரிசை அடியில் கொத்திவிடவும்.

“இந்தத் தழை இருந்தால் உரமே வேண்டாமா?”
அப்படி இல்லை. நெல்லுக்கு ஏக்கருக்கு 2.5 டன் பசுந்தாள் உரம் போடச் சொல்கிறார்கள். மானாவாரிக் கொல்லையில் 50, 100 செடியில் கிடைக்கும் தழை அதில் சிறு பங்குதான். தொழுவுரம், மண் பரிசோதனைப்படி உரம் எல்லாம் தேவை. தழை அவற்றின் பலனைக் கூட்டும்.

“ஆவாரைக்குப் பதிலாக முருங்கை, சவுண்டல் வைத்தால் வருமானமும் வருமே?”
வரப்பில் வையுங்கள். மானாவாரிக் கடலைக்கு நடுவில் வேண்டாம். காரணம், பட்டஞ்செரு அனுபவம்.

“குத்தகை நிலத்தில் இதைச் செய்யலாமா?”
வரிசைச் செடிக்கு மூன்று வருடம் தேவை. அதற்கு நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும். ஒரு வருடக் குத்தகை என்றால் துவரைச் சாலும், வரப்புத் தழையும் போதும். இரண்டின் பலனும் அந்த வருடமே கைக்கு வரும்.

“அடிமண்ணிலும் ஈரம் இல்லை என்றால்?”
செடி தண்ணீரை உண்டாக்குவதில்லை. இருக்கும் தண்ணீரை மேலே கொண்டுவருகிறது. அடியில் ஈரம் இருக்க வேண்டுமானால், விழுந்த மழை நிலத்துக்குள் இறங்க வேண்டும். அதனால் கோடை உழவும், சரிவுக்குக் குறுக்கே வரப்பும், பண்ணைக்குட்டையும் முதலில். செடி அதற்கு அடுத்தது.

இந்தச் சித்திரையில் என்ன செய்யலாம்?

இதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. மானியத்துக்கு எழுதிப்போட வேண்டியதும் இல்லை. செடி நிலத்திலேயே இருக்கிறது. வெட்டும் கூலி எப்படியும் கொடுப்பதுதான். மாற வேண்டியது, வெட்டிய பிறகு என்ன செய்கிறோம் என்பது மட்டும்.

முதல் வருடம் ஒரே ஒரு வேலையை மாற்றினாலே போதும். குவித்த தழைக்கு நெருப்பு வைக்காமல், 10 சென்ட் நிலத்தில் பரப்பி உழுதுவிட வேண்டும். வரப்போரத்து ஆவாரையை வேரோடு பெயர்க்காமல் அரை அடி விட்டு வெட்ட வேண்டும். ஆவணியில் மழை தள்ளிப்போகும் அந்த 15 நாளில், காலையில் வெயில் ஏறுமுன் அந்தத் துண்டுக்குப் போய், செடியடியில் ஒரு கை மண்ணை அள்ளிப் பிடித்துப் பார்க்கலாம். பக்கத்துத் துண்டு மண்ணையும் அதேபோல் பிடித்துப் பார்க்கலாம். எது கையில் ஒட்டுகிறது, எது உதிர்கிறது என்பதை வைத்து, அடுத்த சித்திரைக்கு எத்தனை சென்ட் என்பதை முடிவு செய்துகொள்ளலாம்.